சப்பாத்தும் சட்டமும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வருகின்றார் என்றால், கல்வியின் நோக்கம் பற்றியோ, ஒழுக்கத்தின் உயர்வு பற்றியோ, பரீட்சையை எதிர்கொள்ளும் முறை பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயரத்தில் இருப்பதன்று; தரையோடு தரையாய்க் கிடப்பது. அது நம் மாணாக்கரின் காலில் இருக்கும் சப்பாத்து. சீருடையோடு அணிய வேண்டியது வழக்கமான கறுப்புத் தோற் சப்பாத்து, அல்லது வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து மட்டுந்தானா? ஓடுவதற்கும் விளையாடுவதற்கும் என்று செய்யப்படும் விளையாட்டுச் சப்பாத்தையும் அனுமதிக்கலாமா? இதுவே கேள்வி.

இதுவும் ஒரு விஷயமா என்று உங்களிற் சிலர் புன்னகை செய்யலாம். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே செய்திருப்பேன். என் எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். அதன்பின் இரு பக்கத்து வாதங்களையும் ஆராயலாம்.

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதி. நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்திருந்த காலம். அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முன்னைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்திருந்தது. அரிசி முதல் அப்பியாசப் புத்தகம் வரை எல்லாம் ஏறிய அந்த நாட்களில், ஒரு காலை வேளை, நான் வழக்கம்போலப் பாடசாலை வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். எட்டாந் தரத்து மாணாக்கன் ஒருவன் சாம்பல் நிறத்தில் பச்சைக் கோடிட்ட விளையாட்டுச் சப்பாத்தோடு வந்தான். அவனை நிறுத்தி, “தம்பி, இது பாடசாலை, விளையாட்டு மைதானம் அன்று. வீட்டுக்குப் போய்ச் சரியான சப்பாத்தோடு வா” என்றேன். அவன் ஒன்றும் பேசாது திரும்பிச் சென்றான்.

அன்று அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவு இடாப்பில் அவன் பெயருக்கு எதிரே வரவு குறிக்கப்படவில்லை. நான்காம் நாள் அவனுடைய தாயார் அவனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். “சேர், கான்வஸ் சப்பாத்து அடி கழண்டு போச்சு. இது அவன்ரை தமையன்ரை சப்பாத்து. இதைவிட வீட்டிலை வேறை இல்லை” என்றார். அப்பொழுதுதான் குனிந்து பார்த்தேன். சப்பாத்து அவன் காலுக்குப் பெரிது. கழலாமல் இருப்பதற்காக முன்பக்கத்திற் பழந்துணி அடைத்திருந்தார்கள்.

“இதை அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே, தம்பி?” என்று கேட்டேன். “சேர் கேக்கேல்லையே” என்றான் அவன்.

குற்றஞ் சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவே. ஆயினும் அவ்விடை என் மனத்தில் நெடுநாள் இருந்தது. அவன் இழந்த மூன்று நாட்களிலேதான் அவன் வகுப்பில் அட்சரகணிதச் சமன்பாடுகளைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சோடி சப்பாத்தின் நிறத்துக்காக ஒரு பிள்ளையின் மூன்று நாட் கல்வியை நான் விலையாகக் கொடுத்திருந்தேன். அந்த விலை தகுமா என்பதைப் பின்னரே சிந்திக்கத் தொடங்கினேன். அச்சிந்தனையின் பயனைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

முதலிற் சப்பாத்து என்னும் சொல்லையே நோக்குவோம். அது தமிழ்ச் சொல் அன்று. போர்த்துக்கேய மொழியில் ‘சப்பாத்தோ’ எனப்படும் சொல்லே நம் நாட்டுத் தமிழிற் சப்பாத்து ஆயிற்று. மேசை, அலுமாரி முதலிய சொற்களும் அம்மொழி நமக்குத் தந்து சென்றவையே. 1619-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் சென்ற பின்னும் சொல் நம்மோடு நின்றுவிட்டது. செருப்பு நமக்குப் பழையது. காலை முழுதும் மூடும் சப்பாத்து வந்தேறியது. நம் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருடைய காலிலும் அது ஏறியதோ மிக அண்மையில். 1970-களின் பிற்பகுதியில் நான் படித்த கிராமப் பாடசாலையில் எங்களிற் பாதிப்பேர் வெறுங்காலோடு வந்தோம். மீதிப்பேர் பாட்டாச் செருப்போடு வந்தார்கள். பாட்டா என்பது 1894-ஆம் ஆண்டிற் செக் நாட்டுச் சிலின் நகரிற் தோமாஸ் பாட்டா என்பவரும் அவர் உடன்பிறந்தாரும் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். நம் பேச்சு வழக்கில் அது றப்பர்ச் செருப்புக்கே பெயராகிவிட்டது. ஆகவே, சப்பாத்து என்பது நம் கல்வி மரபின் தொன்மையான அங்கம் என்று எவரும் சொல்வதற்கில்லை.

இனிச் சீருடைக்கு வருவோம். சீருடையின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் இலண்டனில் 1552-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலையிற் சென்று நிற்பர். ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பெற்ற அப்பாடசாலை, அவர்களுக்கு உணவும் உறையுளும் போலவே உடையும் கொடுத்தது. அவர்களுடைய நீண்ட நீல அங்கி இன்றும் அங்கே வழக்கில் உள்ளது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே சீருடை என்பது பிள்ளையிடமிருந்து பாடசாலை கேட்டுப் பெற்ற பொருளாக இருக்கவில்லை. பிள்ளைக்குப் பாடசாலை கொடுத்த பொருளாக இருந்தது.

நம் நாட்டிலும் சீருடையின் உயிர்க்கருத்து இதுவே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980-ஆம் ஆண்டில் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1993-ஆம் ஆண்டிற் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. அதற்கு முன்னரே, 1920-களிலும் 1930-களிலும், யாழ்ப்பாணத்திற் ‘சம ஆசனம், சம போசனம்’ என்னும் கோரிக்கைகள் எழுந்து, பாடசாலைக்குள் ஒரு பிள்ளை வாங்கிலும் மற்றொரு பிள்ளை நிலத்திலும் இருக்கும் நிலை மாறவேண்டும் என்று நல்லோர் போராடினர். அவ்வழியில் வந்த நமக்கு, வெண்ணிறச் சீருடை என்பது ஏழை செல்வர் என்ற வேறுபாட்டையும் சாதி வேறுபாட்டையும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் ஒரு சாதனம். அது நல்ல சாதனம். அதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால், துணி இலவசமாய் வந்தது. சப்பாத்து எல்லோருக்கும் அவ்வாறு வரவில்லை. அண்மை ஆண்டுகளில் வசதி குறைந்த பாடசாலைகளின் மாணாக்கருக்குச் சப்பாத்து வாங்குவதற்கான வவுச்சர்களை அரசாங்கம் வழங்கியிருக்கின்றது, அது பாராட்டத்தக்கது. எனினும், வளரும் பிள்ளையின் பாதம் வவுச்சருக்காகக் காத்திருப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் அளவாக இருந்த சப்பாத்து, ஆண்டு முடிவதற்குள் விரலைக் கடிக்கத் தொடங்கிவிடுகின்றது. சீருடையின் உறுப்புக்களில் மிக விரைவாகப் பயனற்றுப் போவதும், பெற்றோரின் கையை மிகவும் கடிப்பதும் சப்பாத்தேயாகும்.

இப்பொழுது மூன்று வகைச் சப்பாத்துக்களையும் தனித்தனியே நோக்குவோம்.

தோற் சப்பாத்து உறுதியானது. நல்ல தோலாயின் பல ஆண்டு உழைக்கும். அடி தேய்ந்தால் வேறு அடி போடலாம். மூத்தவன் போட்டதை இளையவனுக்குக் கொடுக்கலாம். ஆனால் நல்ல தோலின் விலை நம்மிற் பெரும்பாலோருக்கு எட்டாது. கடையிற் குறைந்த விலைக்குக் கிடைப்பன பல, தோல்போலத் தோன்றும் செயற்கைப் பொருளால் ஆனவை. அவை காற்றை உட்புக விடா. வியர்வையை வெளியே விடா. மாரி காலத்தில் உண்மைத் தோலும் நனைந்தால் எளிதில் உலராது, பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து நம் பாடசாலைகளின் பழைய தோழன். அதன் பிறப்பு வரலாறு சுவையானது. இயற்கை றப்பர் வெயிலிற் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அக்குறைகள் நீங்கும் என்பதை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். அதன்பின்னரே துணியோடு றப்பர் அடியைச் சேர்த்துச் சப்பாத்துச் செய்யும் தொழில் செழித்தது. இங்கிலாந்தில் இச்சப்பாத்துக்குப் ‘பிளிம்சொல்’ என்று பெயர் வந்தது. கப்பலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் காட்டும் கோட்டுக்காகப் போராடிய சாமுவேல் பிளிம்சொல் என்பவரின் பெயர் அது. துணியும் றப்பரும் சேரும் இடத்தில் ஓடும் கோடு கப்பலின் பாரக்கோடு போலத் தோன்றியமையால் அப்பெயர் வந்தது என்பர். நம் நாட்டுக்கும் றப்பருக்கும் உள்ள உறவும் அக்காலத்ததே. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876-ஆம் ஆண்டில் இங்கு கொண்டுவரப்பெற்றுக் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன.

அந்தக் கான்வஸ் சப்பாத்தை மேனாட்டார் அன்று எதற்காக அணிந்தனர்? கடற்கரையில் உலாவுவதற்கும், ரெனிஸ் முதலிய விளையாட்டுக்களுக்குமே அணிந்தனர். அலுவலகத்துக்கோ தேவாலயத்துக்கோ அதனை அணிந்து செல்வது அக்காலத்தில் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. நேயர்களே, இதனைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். இன்று ஒழுங்கின் அடையாளம் என்று நாம் போற்றும் வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து பிறப்பால் விளையாட்டுச் சப்பாத்தே. நம் முன்னோராகிய ஆசிரியர்கள் அது மலிவானது, துவைக்கத் தக்கது, நம் வெப்பத்துக்கு ஏற்றது என்று கண்டு அதனைப் பாடசாலைக்குள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் செய்தது காலத்துக்கேற்ற மாற்றம். அம்மாற்றத்தையே நாம் மாறாத மரபாக எண்ணிக்கொண்டோம்.

கான்வஸ் சப்பாத்துக்குக் குறையும் உண்டு. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் நடந்து வரும் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? வெள்ளிக்கிழமை மாலை தோய்த்து, சனி ஞாயிறில் உலர்த்தி, வெண்பூச்சுப் பூசித் திங்கட்கிழமை அணிந்து வந்தால், முதலாம் பாடம் தொடங்குமுன்னரே விளிம்பு சிவந்துவிடும். வாயிலுக்கு அருகே ஒதுங்கி நின்று, வகுப்பறையிற் பொறுக்கிய வெண்கட்டித் துண்டினாற் சப்பாத்துக்கு வெள்ளையடிக்கும் பிள்ளைகளை நான் எத்தனையோ முறை கண்டிருக்கின்றேன். நீங்களும் உங்கள் காலத்தில் அதைச் செய்திருப்பீர்கள். அன்றியும், அதன் அடி மெல்லியது, தட்டையானது. நெடுந்தூரம் நடப்பதற்கோ, கடுந்தரையில் ஓடுவதற்கோ அது போதிய துணை செய்வதில்லை.

மூன்றாவது, இன்றைய விளையாட்டுச் சப்பாத்து. துணியாலோ வலைபோன்ற செயற்கை இழையாலோ ஆன மேற்பகுதி. நிலத்தைப் பற்றும் றப்பர் அடி. இரண்டுக்கும் இடையே நுரைபோன்ற மென்படை. இப்படைக்கு எதிலீன் வைனைல் அசற்றேற்று என்னும் பொருள் 1970-களிலிருந்து பெரிதும் பயன்படுகின்றது. அது பாரமற்றது; கால் நிலத்தில் மோதும் வேகத்தைத் தணிப்பது. இக்காரணங்களால் நடப்பதற்கும் ஓடுவதற்கும் இது உகந்தது. குறைகளும் இல்லாமலில்லை. மலிவானவற்றின் அடி பசையினால் மாத்திரம் ஒட்டப்பட்டிருப்பதால் மழை வெள்ளத்திற் கழன்றுவிடும். நுரைப்படை அமிழ்ந்து தேய்ந்தபின் அதற்கு மருந்து இல்லை. கரையோரத்திற் சப்பாத்துத் தைப்பவர் தோற் சப்பாத்துக்குச் செய்யும் பழுதுபார்ப்பை இதற்கு முழுமையாகச் செய்தல் இயலாது. ஆகவே, விளையாட்டுச் சப்பாத்து எல்லா வகையிலும் சிறந்தது என்று நான் வாதிட மாட்டேன்.

இனிப் பாதத்தின் நலம் பற்றி ஒரு வார்த்தை. வளர்ந்த மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 என்புகள் உள. பிள்ளைப் பருவத்தில் அவற்றின் பகுதிகள் இன்னும் கசியிழையமாகவே இருக்கும். அவை முற்றாக என்பாக இறுகுவதற்குப் பதின்பருவத்தின் இறுதிவரை செல்லும். அதுவரை பாதம் தன்னை அடைக்கும் கூட்டின் வடிவத்துக்கு ஓரளவு இணங்கிப்போகும். இந்தியாவில் இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து, 1992-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பாதணி அணிந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு திரிந்தவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கே அது இருந்தது. முன்பக்கம் மூடிய சப்பாத்து அணிந்தோரிடத்தே அது அதிகமாகக் காணப்பட்டது.

அப்படியாயின் வெறுங்காலே நன்று என்று கூறிவிடலாமா? கூடாது. கொளுக்கிப் புழுவின் குடம்பிகள் ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடலுக்குட் புகுகின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை அந்நோய் வாட்டியதையும், 1916-ஆம் ஆண்டளவில் அமெரிக்க றொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு அதற்கு எதிரான இயக்கம் தொடங்கியதையும் நம் மருத்துவ வரலாறு கூறும். கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் கிடக்கும் ஒழுங்கைகளிற் பாதணி இன்றியமையாதது. எனவே நமக்கு வேண்டுவது, பாதத்தைக் காக்கும், ஆனால் நெருக்காத, மழையில் நனைந்தால் விரைவில் உலரும் ஒரு சப்பாத்து. நனைந்த சப்பாத்தோடும் காலுறையோடும் ஆறு மணித்தியாலம் இருக்கும் பிள்ளையின் விரல்களுக்கிடையே பங்கசு பற்றிப் புண்ணாவதை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

உடலசைவு என்பது அடுத்த செய்தி. பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது சுறுசுறுப்பாக உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 135 நாடுகளைச் சேர்ந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இளையோர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2024-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டனர். பெரும்பாலான பாடசாலைகளிற் சீருடை வழக்கிலுள்ள நாடுகளில், அந்த 60 நிமிட அளவை எட்டும் பிள்ளைகளின் வீதம் குறைவாக இருந்தது. ஆரம்ப வகுப்புக்களிற் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையிலான வேறுபாடும் அந்நாடுகளிலே அதிகமாக இருந்தது. சீருடைதான் இதற்குக் காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. அதை அவ்வாய்வாளரே கூறியுள்ளனர். எனினும், இடைவேளையிற் கிளித்தட்டு மறிக்கும் பையன்களை ஓரத்தில் நின்று பார்க்கும் நம் பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வழுக்கும் அடியுள்ள இறுகிய சப்பாத்தோடு ஓடுவதற்கு யார் முன்வருவார்?

பிற நாடுகள் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கின்றன? ஒழுங்குக்குப் பெயர்பெற்ற யப்பானிற் பாடசாலைக்குள் நுழையும் பிள்ளை வெளிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ‘உவபாக்கி’ எனப்படும் மெல்லிய, இலேசான உட்சப்பாத்தை அணிந்துகொள்ளும். விறைத்த தோற் சப்பாத்து இல்லாமையால் அங்கே ஒழுங்கு கெட்டதாக எவரும் கூறக் கேட்டிலம். இங்கிலாந்திலோ, கறுப்புத் தோற் சப்பாத்தையே வற்புறுத்தும் பாடசாலைகள் இன்றும் பல உள. அங்கே இது பெற்றோருக்கும் பாடசாலைக்கும் இடையே ஓயாத வழக்கு. ஆயினும், சீருடைச் செலவு குடும்பங்களை வருத்தக்கூடாது என்னும் நோக்கத்தோடு 2021-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வழிவந்த அறிவுறுத்தல், பாடசாலைச் சின்னம் பொறித்த பொருட்களை இயன்ற அளவு குறைக்குமாறு பாடசாலைகளைக் கேட்டது.

இனி எதிர்வாதங்களுக்குச் செவி கொடுப்போம். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவ்விஷயத்தை நான் முன்வைத்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “இன்று சப்பாத்து, நாளை தலைமயிர், நாளை மறுநாள் சேட்டு. ஒரு கல்லைப் பெயர்த்தால் மதில் முழுவதும் சரியும்” என்றார். மதிப்புக்குரிய அவருடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பிள்ளைகள் விதியின் எல்லையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது அவர்கள் இயல்பு. ஆனால் நியாயம் விளங்காத விதியே எளிதில் மீறப்படும் என்பது என் அனுபவம். ஏன் இந்த விதி என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடிய விதிகளை மாத்திரம் வைத்துக்கொண்டால், அவற்றை உறுதியாகக் காப்பது நமக்கும் எளிதாகும்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலியது. அதைச் சொன்னவர் கமக்காரரான ஒரு தந்தையார். “ஐயா, விளையாட்டுச் சப்பாத்துக்கு வழி விட்டால், வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுப் பிள்ளை இருபதினாயிரம் ரூபாச் சப்பாத்தோடு வரும். என்ரை பிள்ளை அதைப் பார்த்து ஏங்கும். எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சப்பாத்து எண்டால் அந்தத் தொல்லை இல்லை” என்றார். சபை அமைதியாயிற்று. சீருடையின் உயிர்க்கருத்தையே அவர் எடுத்துச் சொல்லிவிட்டார். விளையாட்டுச் சப்பாத்தின் பக்கவாட்டிற் பொறித்திருக்கும் சின்னம் இன்று ஒரு செல்வக் குறி. அதைக் கட்டுப்பாடின்றி உள்ளே விட்டால், சம ஆசனத்துக்காகப் போராடியவர்களின் பாடசாலைக்குள்ளே காலின்வழியாக ஏற்றத்தாழ்வு புகுந்துவிடும்.

அவருக்கு நான் அளித்த விடை, இவ்விரு நன்மைகளையும் ஒருங்கே காக்க வழியுண்டு என்பதே. சட்டம் எந்த வகைச் சப்பாத்து என்று சொல்லாமல், எவ்வாறு தோன்றவேண்டும் என்று மாத்திரம் சொன்னாற் போதும். கறுப்பு அல்லது வெள்ளை. மேலும் கீழும் ஒரே நிறம். கண்ணைப் பறிக்கும் கோடோ சின்னமோ ஒளிரும் விளக்கோ இல்லாமை. காலுக்கு அளவாயும் இறுகக் கட்டியும் இருத்தல். இந்த நான்கு நிபந்தனைகளுக்கும் உட்பட்டதாயின், அது தோலோ, கான்வஸோ, விளையாட்டுச் சப்பாத்தோ, பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். அத்தகைய சப்பாத்து உடற்கல்விப் பாடத்துக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கும் உதவும். இரண்டு சோடி வாங்க வேண்டிய வீட்டில் ஒரு சோடி போதுமாகும். ஏழைத் தகப்பனுக்கு இது சிறிய இலாபம் அன்று.

பரிசளிப்பு விழாவிலும் பாண்ட் வாத்திய அணியிலும் தோற் சப்பாத்தே அழகு என்பாருளர். உண்மை. அத்தகைய நாட்களுக்குப் பாடசாலையே சில சோடிகளை வைத்திருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்து வாங்கலாம். ஆண்டில் இரண்டு நாள் அழகுக்காக ஏனைய நாட்களெல்லாம் ஒரு விதியைச் சுமத்துதல் நியாயமாகாது.

கூட்டத்தின் முடிவில், ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாக இவ்விதியை நடத்திப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் எதிர்த்தே கை உயர்த்தினார். ஆயினும் அடுத்த வாரம், பயன்படுத்தத் தக்க இரண்டு சோடி சப்பாத்துக்களைத் தம் பேரப்பிள்ளைகளிடமிருந்து வாங்கிவந்து என் அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தொடங்கியதே இன்று எங்கள் அலுவலக அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கும் சப்பாத்துச் சேமிப்பு. சிறுத்துப்போன சப்பாத்தைத் தோய்த்துக் கொண்டுவந்து வைப்போரும் உளர். அளவானதை எடுத்துச் செல்வோரும் உளர். யார் வைத்தார், யார் எடுத்தார் என்று இடாப்பு எதுவும் எழுதுவதில்லை.

ஓராண்டு கழிந்தபோது மதில் சரிந்துவிடவில்லை. சின்னம் பொறித்த சப்பாத்தோடு வந்தவர் சிலர். அவர்களோடு பேசித் தீர்த்தோம். வகுப்புக்கு வெளியே நிற்பவர் இல்லாமற் போயினர் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. ஏனெனில், விதிக்கு இன்னுமொரு வரியையும் அன்று சேர்த்திருந்தோம்: பாதணியின் காரணமாக எந்தப் பிள்ளையையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புதல் ஆகாது. குறை இருந்தால், முதலிற் காரணம் கேட்க வேண்டும்; அதன்பின் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும்; பிள்ளை அதுவரை வகுப்பில் இருக்க வேண்டும்.

இந்த வரியைச் சேர்க்கும்போது எனக்கு இன்னொரு காலம் நினைவுக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, நான் இளம் ஆசிரியன். மாமரத்தின் கீழே பாய் விரித்துப் பாடம் நடத்தினோம். இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்போடு வந்த பிள்ளைகளை அன்று கண்டேன்; செருப்பே இல்லாமற் சேற்றில் நடந்துவந்த பிள்ளைகளையும் கண்டேன். வந்துவிட்டார்களே என்பதுதான் அன்று எங்கள் மகிழ்ச்சி. ஒருவரையாவது காலைப் பார்த்துத் திருப்பி அனுப்ப எங்களுக்குத் தோன்றவில்லை. அமைதி வந்தபின், அலுவலகமும் வாயிலும் மணியும் வந்தபின், நானே அதைச் செய்தேன் என்பதை எண்ணும்போது நாணம் உண்டாகின்றது.

நேயர்களே, எல்லாப் பாடசாலைகளும் எங்கள் பாடசாலை செய்ததையே செய்யவேண்டும் என்று நான் கூறவில்லை. நகரத்துத் தேவை வேறு. மலைநாட்டுக் குளிர் வேறு. கடற்கரை மணல் வேறு. அந்தந்தப் பாடசாலையின் பெற்றோரும் ஆசிரியரும் மாணாக்கரும் கூடிப் பேசித் தீர்மானித்தலே முறை. ஆனால் தீர்மானிக்கும்போது மூன்று வினாக்களை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். இவ்விதி பிள்ளையின் காலுக்கு நன்மையா? இவ்விதியால் ஏழைப் பிள்ளையின் தலை நிமிருமா, குனியுமா? இவ்விதியை ஒரு பிள்ளை நிறைவேற்ற முடியாதபோது, இழப்பது சப்பாத்தையா, படிப்பையா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், சப்பாத்தின் வகை பற்றிய விடை தானே வந்து சேரும்.

அந்த எட்டாந் தரத்து மாணாக்கன் இப்பொழுது என்னைவிட உயரமாய் வளர்ந்துவிட்டான். அன்று பெரிதாயிருந்த தமையனுடைய சப்பாத்து இன்று அவனுக்குப் போதாது. சென்ற தவணையில் அதைத் தோய்த்துக் கொண்டுவந்து அலுமாரியின் கீழ்த் தட்டில் வைத்தான். சாம்பல் நிறமும் பச்சைக் கோடும் எங்கள் விதிக்குப் பொருந்தா. ஆயினும், தேவைப்படும் பிள்ளை ஒன்று வந்து கேட்டால், அதை எடுத்துக் கொடுப்பதாகவே இருக்கின்றேன்.